குடவோலை எடுத்த பாலகன்

காஞ்சிபுரத்தில் பஸ் ஏறித் தெற்கு நோக்கிப் போனால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உத்திரமேரூர் வந்துவிடும். இரு பக்கமும் நெல் வயல்கள், நடுநடுவே ஏரிகள், தூரத்தில் கல் உடைக்கும் குன்றுகள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வைகுண்டப் பெருமாள் கோவில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பலர் இந்தக் கோவிலுக்கு வருவது அதன் சுவரைப் பார்ப்பதற்காகத்தான்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் அங்கே உள்ளன. கிராம சபையின் வாரியங்களுக்கு அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற விதிகள் அவற்றில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் கட்டுக் கட்டாகக் குடத்தில் இட்டார்கள். சிறியவர் பெரியவர் எல்லோரும் கூடிய சபையில், வயது முதிர்ந்த நம்பி ஒருவர் குடத்தைத் தூக்கிப் பிடித்து அனைவருக்கும் காட்டினார். பிறகு ஓலையை எடுத்தது யார்?

அரசனுடைய அதிகாரி எடுக்கவில்லை. சபையின் பெரியவரும் எடுக்கவில்லை. உள்ளே எந்தப் பெயர் இருக்கிறது என்று அறியாத ஒரு சின்னப் பையனை அழைத்து எடுக்கச் சொன்னார்கள். அவன் எடுத்துக் கொடுத்த ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலை மடக்கினால் ஓலையை மாற்றிவிடலாம் அல்லவா? அவ்வளவு ஜாக்கிரதை! வாங்கிய ஓலையை அவர் உரக்கப் படித்துக் காட்ட, அங்கிருந்த மற்றவர்களும் படித்து உறுதி செய்தார்கள்.

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் நம்பாத இடத்திலும் குழந்தையின் கையை நம்பினார்கள். ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன் இந்த ஊர் ஒரு பாலகனுக்குக் கொடுத்த மரியாதை அது.

கல்லில் எழுதாத பெயர்கள்

அதே கல்வெட்டு இன்னொரு செய்தியையும் சொல்லாமல் சொல்கிறது. குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேலும் எழுபதுக்கு உட்பட்டும் இருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். பிரமதேயமாக விளங்கிய ஊர் அது. பெண்களுக்கு அந்தச் சபையில் இடமில்லை. நிலத்தில் உழைத்தவர்களுக்கும் இடமில்லை. ஏரிக்கரையில் மண் சுமந்தவனின் பிள்ளைக்கு என்ன உரிமை இருந்தது என்று அந்தக் கல்லில் தேடினால் ஒரு வரிகூடக் கிடைக்காது.

ஏழையின் பிள்ளை எந்தச் சுவடியிலும் இல்லாமல் போனான் என்று நினைக்க வேண்டாம். பல தலைமுறைகளாக அவனுடைய பெயர் வேறொரு புத்தகத்தில் இருந்து வந்தது. முன்பணம் கொடுத்தவரின் கணக்கு நோட்டுதான் அது.

தறிக் குழியில் ஒரு பிள்ளை

காஞ்சிபுரம் பட்டின் புகழை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புடவையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருந்தாலும், இரண்டும் பிரிக்க முடியாதபடி கோத்து நெய்யப்பட்டிருக்கும். கோர்வை என்று இதைச் சொல்வார்கள். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு நாடா என்று மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒரு நெசவாளி தனியாக இதைச் செய்வது கஷ்டம். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொரு கை வேண்டும்.

அந்த இன்னொரு கை நெடுங்காலம் பிள்ளைகளின் கையாகவே இருந்தது. சிறிய விரல், குறைந்த கூலி, எதிர்த்துப் பேசாத வாய் ஆகிய மூன்றும் முதலாளிக்கு வசதியாக இருந்தன. வீட்டில் கல்யாணமோ, வைத்தியச் செலவோ, பஞ்சமோ வரும்போது தகப்பன் தறிக்காரரிடம் போய்க் கை நீட்டுவான். பணம் கிடைக்கும், அதற்கு ஈடாகப் பிள்ளை தறிக்குப் போவான். வாரக் கூலியில் கடனுக்கென்று பிடித்தது போக மிச்சம் கிடைப்பது சொற்பம். அசல் குறையாது. தீபாவளிக்கு மறுபடியும் கொஞ்சம் வாங்குவார்கள். பையன் வேறு தறிக்குப் போக வேண்டுமானால், புதிய தறிக்காரர் பழைய கடனை அடைத்து அவனை அழைத்துக்கொள்வார். கடன் கைமாறும்போது பிள்ளையும் கைமாறினான்!

இது ஒரு கிராமத்தோடு நின்ற வழக்கம் அல்ல. 2003-ம் வருஷம் ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற சர்வதேச ஸ்தாபனம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கர்நாடகம், வாரணாசி ஆகியவற்றோடு காஞ்சிபுரமும் அதில் இடம்பெற்றது. மணப்பெண்ணின் மேனியில் மின்னும் ஜரிகைக்குப் பின்னால் இருந்த இருட்டை உலகம் அன்று பார்த்தது.

சட்டம் எழுதிய வரலாறு

சட்டம் இல்லாமல் இது நடந்ததா என்றால், அதுவும் இல்லை. பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933-லேயே வெள்ளைக்கார சர்க்கார் சட்டம் செய்தது. அடகு வைத்த பெற்றோருக்கு ஐம்பது ரூபாய் வரையிலும், வேலை வாங்கியவருக்கு இருநூறு ரூபாய் வரையிலும் அபராதம். சட்டப் புத்தகத்தில் அது பத்திரமாக இருந்தது. தறிக்குழியில் பிள்ளையும் இருந்தான்.

சுதந்திர இந்தியாவில் 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் மிகப் பெரிய காரியம் செய்தது. கொத்தடிமைக் கடன் எதுவாக இருந்தாலும் அது தீர்ந்துபோனதாகவே கருதப்படும் என்று அது கூறியது. அந்தக் கடனை வசூலிக்க யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. வேலை வாங்கியவருக்கு மூன்று வருஷம் வரை சிறை. இந்தச் சட்டத்தை நடத்தும் பொறுப்பு மாவட்ட நிர்வாகத்திடம் கொடுக்கப்பட்டது. 1983-ல் கல்குவாரித் தொழிலாளர் வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஒரு தொழிலாளியிடம் கட்டாய வேலை வாங்கப்படுகிறது என்று தெரிந்தால், முன்பணத்தின் பேரில்தான் அது நடக்கிறது என்று கொள்ள வேண்டும்; இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு என்றது.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆபத்தான தொழில்களில் மட்டும் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை அது தடுத்தது. 1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் கீழ், வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் நடத்தப்பட்டன. காஞ்சிபுரம் மாவட்டத்திலும் இத்திட்டம் நடந்தது. ஆறு வயது முதல் பதினான்கு வரை இலவசக் கட்டாயக் கல்வி என்ற சட்டம் 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. 2016-ல் செய்த திருத்தம், பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் வைக்கக் கூடாது என்று விரிந்தது.

ஆனால் அதிலும் ஒரு சின்ன வாசல் திறந்தே இருக்கிறது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று அந்தத் திருத்தம் அனுமதிக்கிறது. தகப்பனுக்கு ஒத்தாசை செய்வது எது, முதலாளியின் சரக்கை வீட்டில் வைத்து நெய்வது எது என்று வீட்டுக்குள் புகுந்து பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. நெசவு வீட்டுக்கு இதன் அர்த்தம் நன்றாகப் புரியும்.

எப்படியும் முன்னேற்றம் உண்டு என்பதை மறுக்க முடியாது. இன்று காஞ்சிபுரத்துத் தறிகளில் முன்போலச் சிறுவர்களைக் காண்பது அரிது. நெசவாளியின் பக்கத்தில் பல வீடுகளில் மனைவி அமர்ந்து கரை நாடாவைத் தள்ளுகிறாள். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிறான்.

ஊர் விட்டு ஊர்

தறியில் குறைந்த கொடுமை வேறு இடங்களில் அப்படியே ஒழிந்துவிட்டதா? ஒழியவில்லை. அது செங்கல் சூளையிலும், அரிசி ஆலையிலும், மரம் வெட்டும் இடத்திலும், கல்குவாரியிலும் குடியிருக்கிறது. அங்கே பிள்ளையை மட்டும் தனியாக அடகு வைப்பதில்லை. குடும்பமே போகிறது, பிள்ளையும் கூடவே போகிறான்.

இப்படிப் போகிறவர்களில் இருளர்கள் அதிகம். பாம்பும் எலியும் பிடிப்பதில் அவர்களுக்கு நிகர் அவர்களே. செங்கற்பட்டுச் சீமையில் 1978-ல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்கிறது. எத்தனையோ உயிர்களைக் காக்கும் கைகள் அவை. ஆனால் அந்தச் சங்கத்தில் வேலை உள்ளவர்கள் சிலர்தான். மற்றவர்களுக்குச் சொந்த நிலம் இல்லை. பலருக்கு மனைப்பட்டா இல்லை.

அவர்களிடம் மேஸ்திரி வருகிறார். பேச்சு இதமாகத்தான் இருக்கும். “பொங்கல் முடிஞ்சதும் சூளைக்கு வந்துடுப்பா. கைச்செலவுக்கு இப்பவே வாங்கிக்க. கணக்கு அப்புறம் பாத்துக்கலாம்.” அந்த “அப்புறம்” என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு குடும்பம் இருபதாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. புருஷன் மண் குழைத்துக் கல் அறுப்பான். மனைவி எடுத்து அடுக்குவாள். கூடுதலாகக் கல் அறுத்தால்தான் கடன் அடையும். ஆகவே எட்டு வயதுப் பையன் காயும் பச்சைக் கல்லைத் திருப்பிப் போடுகிறான். ஆறு வயதுப் பெண் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். வேலைக்காரர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. கூலியும் அவர்களுக்கு இல்லை. ஆனால் அவர்கள் திருப்பிய கல் கணக்கில் சேருகிறது. சாப்பாட்டுக்கு வாரா வாரம் கொடுக்கும் பணம் நோட்டில் ஏறுகிறது. மழை பெய்து பச்சைக் கல் கரைந்தால், கரைந்த நஷ்டமும் தொழிலாளியின் தலையில்தான். மழைக்காலம் தொடங்கி ஊர் திரும்பும்போது கடன் பாக்கி நிற்கும். அந்தப் பாக்கி அடுத்த தை மாதத்துக்கு அவர்களை இழுக்கும் கயிறு.

பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது? ஆனி மாதம் சேர்ந்த பையன் தை மாதம் காணாமற்போகிறான். ஆசிரியர் விசாரித்தால், “குடும்பத்தோட போயிட்டாங்க சார்” என்று பதில் வருகிறது. மறுபடி வரும்போது உடன் படித்தவர்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். இவனுக்கு எழுத்தே மறந்துபோயிருக்கிறது. இரண்டு வருஷம் இப்படிப் போனால் மூன்றாவது வருஷம் அவன் பள்ளியின் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் கல் அறுக்கப் பழகிவிடுகிறான். தகப்பன் பெயரில் இருந்த கடன் மகன் பெயருக்கு வந்துவிடுகிறது.

இது பழங்கதை அல்ல. 2019 ஜூலையில், காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அன்றைய வேலூர் மாவட்டத்திலும் மரம் வெட்டும் இரண்டு இடங்களிலிருந்து நாற்பத்திரண்டு பேரை அதிகாரிகள் மீட்டார்கள். பதின்மூன்று இருளர் குடும்பங்கள். அவர்களுள் குழந்தைகளும் இருந்தார்கள். ஆயிரம் ரூபாய் போன்ற அற்பக் கடனுக்காகப் பல வருஷங்கள் உழைத்தவர்கள் அவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்து அழுத படத்தைப் பத்திரிகைகளில் பார்த்து நாடே கலங்கியது.

மீட்பு என்பது கதையின் முடிவல்ல, ஆரம்பந்தான். கோட்டாட்சியர் கையெழுத்திட்ட விடுதலைச் சான்றிதழ் கைக்கு வந்தால்தான் கடன் செல்லாது என்பது உறுதியாகும், நிவாரணமும் கிடைக்கும். 2016-ல் மாற்றியமைத்த மத்திய அரசுத் திட்டத்தின்படி ஆண் தொழிலாளிக்கு ஒரு லட்சம் ரூபாயும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம் ரூபாயும் மறுவாழ்வுத் தொகையாக உண்டு. பிள்ளையின் படிப்புச் சலுகைக்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். அதற்கும் கோட்டாட்சியர் அலுவலகம் போக வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுப் போகிறவனுக்கு, “நாளைக்கு வா” என்ற ஒரு சொல் எவ்வளவு பெரிய தண்டனை!

ஒரு தட்டுச் சோறு

பிள்ளையின் பெயரைக் கடன் நோட்டிலிருந்து பள்ளியின் வருகைப் பதிவேட்டுக்கு மாற்றுவது எப்படி? தமிழ்நாடு இதற்குக் கண்டுபிடித்த முதல் வழி மிக எளியது. பசித்த பிள்ளைக்குச் சோறு போடு என்பதுதான் அது.

1956-ல் முதலமைச்சர் காமராஜர் காலத்தில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. ஊர் மக்கள் நெல்லும் பருப்பும் காய்கறியும் கொண்டுவந்து கொடுத்து நடத்திய கைங்கரியம் அது. 1982 ஜூலை முதல் தேதி முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். அவ்வளவு செலவு தாங்குமா என்று கேட்டவர்கள் அன்று பலர். 2001 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்த மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. தமிழ்நாடு மூட்டிய அடுப்பு நாடு முழுவதும் எரியலாயிற்று.

மதியச் சோறு கிடைத்தாலும் காலை வயிறு காலியாகத்தானே இருக்கும்? விடியுமுன் கூலி வேலைக்குப் போகும் தாய் எப்போது சமைப்பாள்? 2022 செப்டம்பர் 15-ம் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் அது 31,008 அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று. கிராமங்களில் இதைச் சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். பல இடங்களில் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாய்தான் அடுப்படியில் நிற்கிறாள்.

சோறு போட்டால் பிள்ளை வருவான். வந்தவன் தொடர்ந்து வர வேண்டுமானால், வீட்டில் கடன் கேட்கும் ஆள் இருக்கக் கூடாது. அதற்கு இரண்டாவது வழி வேண்டும்.

தாயின் கணக்குப் புத்தகம்

மேஸ்திரியிடம் ஏன் போகிறார்கள்? அவசரத்துக்குப் பணம் கொடுக்க வேறு ஆள் இல்லாததால்தான். 1989-ல் தர்மபுரியில் தொடங்கிப் பிறகு மாநிலம் எங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இந்த இடத்தில்தான் கை கொடுத்தன. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் சேர்ந்து மாதந்தோறும் சிறு தொகை கட்டுகிறார்கள். காய்ச்சலுக்கு ஐந்நூறு, பிரசவத்துக்கு இரண்டாயிரம் என்று தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். பிறகு பாங்கிக் கடன் வருகிறது. ஒரு மாடோ, தையல் மெஷினோ வாங்க முடிகிறது. பிள்ளையை ஈடாகக் கேட்காத கடன் இது!

காஞ்சிபுரத்தில் 2002-ல் அமைந்த ‘ஹேண்ட் இன் ஹேண்ட்’ என்ற தொண்டு ஸ்தாபனம் பட்டுத் தறியிலிருந்து பிள்ளைகளை மீட்பதையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டது. மீட்ட பிள்ளைகளுக்குப் படிப்பைச் சேர்த்துப் பிடிக்கச் சிறப்புப் பள்ளி நடத்தினார்கள். பிள்ளையின் சம்பாத்தியம் நின்ற வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! அதற்காகத் தாய்மார்களைக் குழுவாகச் சேர்த்துத் தொழில் கற்றுக் கொடுத்தார்கள். பிள்ளையை மட்டும் மீட்டால் போதாது, தாயையும் கடனிலிருந்து மீட்க வேண்டும் என்பதே காஞ்சிபுரத்தில் கற்ற பாடம்.

கடல் தாண்டிய பாடம்

இந்தப் பாடம் காஞ்சிபுரத்தோடு நின்றுவிடவில்லை. தறிப் பட்டணத்தில் பழகிய அந்த முறையை, ஹேண்ட் இன் ஹேண்டின் சகோதர அமைப்புகள் ஆப்பிரிக்காவில் கென்யா, ருவாண்டா, ஜிம்பாப்வே போன்ற தேசங்களுக்குக் கொண்டு சென்றன. அங்கும் கிராமத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சேமிப்புப் பணத்தை எண்ணுகிறார்கள்.

தேவையும் அங்கே மிகப் பெரியது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் யூனிசெப்பும் 2025-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2024-ல் உலகில் 13 கோடியே 80 லட்சம் குழந்தைகள் உழைப்பில் சிக்கியிருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 8 கோடியே 70 லட்சம் பேர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள். உலக அளவில் பெரும் பகுதி விவசாய வேலை. மேற்கு ஆப்பிரிக்காவின் கொக்கோ தோட்டங்களில் பிள்ளைகள் கத்தியெடுத்துக் காய் வெட்டுகிறார்கள். அந்தக் கொக்கோதான் உலகத்துக் கடைகளில் சாக்லேட்டாக விற்கிறது. பட்டும் சாக்லேட்டும் வேறு வேறு சரக்காக இருக்கலாம். பின்னால் இருக்கும் ஏழை வீட்டின் கணக்கு ஒன்றுதான்.

ஆப்பிரிக்க தேசங்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஐக்கிய நாடுகள் சபை 1989-ல் குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது. மறு வருஷமே ஆப்பிரிக்க நாடுகள் தங்களுக்கென்று தனியாக ஒரு குழந்தை உரிமைச் சாசனத்தை ஏற்றுக்கொண்டன. அது 1999-ல் அமலுக்கு வந்தது. இந்தியா ஐ.நா. உடன்படிக்கையில் சேர்ந்தது 1992-ல். கென்யா 2003-ல் ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை ரத்து செய்தபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாகப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள். கூட்டம் தாங்காமல் வகுப்பறைகள் திணறின. ஏழைக்குப் படிப்பில் ஆசை இல்லை என்று பேசுகிறவர்களுக்கு அந்தக் கூட்டமே பதில்.

மீண்டும் கிராம சபை

இனி உத்திரமேரூருக்குத் திரும்பலாம். குடவோலை போய் ஓட்டுப் பெட்டி வந்தது. பெட்டி போய் இயந்திரமும் வந்துவிட்டது. 1994-ம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டம் கிராம சபைக்கு உயிர் கொடுத்தது. கால் வேலி நிலம் கேட்பார் இல்லை. ஓட்டுரிமை உள்ள எந்த ஆணும் பெண்ணும் அதன் அங்கத்தினர். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் கூடி வந்த சபை, 2022 முதல் உலகத் தண்ணீர் தினத்திலும் உள்ளாட்சி தினத்திலும் சேர்த்து வருஷத்துக்கு ஆறு முறை கூடும் என்று அறிவிக்கப்பட்டது.

அங்கே ரோடு பேசப்படுகிறது. குடிநீர்க் குழாய் பேசப்படுகிறது. தெரு விளக்கும் பேசப்படுகிறது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால், “நம்ம ஊரில் பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் இன்று பள்ளியில் இருப்பவர்கள் எத்தனை பேர்? மற்றவர்கள் எங்கே?” என்று எழுந்து கேட்பவர்கள் எத்தனை பேர்?

கேட்பதற்கு வழி இருக்கிறது. கிராமந்தோறும் பஞ்சாயத்துத் தலைவரைத் தலைவராகக் கொண்டு குழந்தைகள் பாதுகாப்புக் குழு அமைய வேண்டும் என்பது விதி. ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர் முதலியோருடன் பிள்ளைகளின் பிரதிநிதிகளாக இரண்டு சிறுவர்களும் அதில் இருக்க வேண்டும். ஆயிரம் வருஷங்களுக்கு முன் சபையில் ஓலை எடுத்துக் கொடுத்த பாலகனுக்கு இன்று உட்கார இடமும் பேச வாயும் கிடைத்திருக்கிறது என்றே சொல்லலாம். குழு கூடினால்தான் அது உண்மையாகும்; காகிதத்தில் மட்டும் கூடினால் பழைய கதைதான்.

அந்தக் குழு பெரிய காரியங்கள் செய்ய வேண்டியதில்லை. தை மாதம் பிறக்குமுன் எந்தெந்தக் குடும்பம் வெளியூர் வேலைக்குப் போகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடமோ அரசு விடுதியிலோ விட்டுச் செல்லச் சொல்லலாம். அது முடியாவிட்டால், போகும் ஊரில் எந்தப் பள்ளி இருக்கிறது என்று விசாரித்து அங்கே சேர்க்கச் சொல்லலாம். வெளியூரிலிருந்து தங்கள் ஊர்ச் சூளைக்கும் குவாரிக்கும் வந்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்கலாம். வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2009-ம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது. பிள்ளை எங்கேனும் அடிமைப்பட்டிருப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம், காசு கிடையாது.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் இன்னொரு கடுமையான விதியும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரை மறுபடி குடத்தில் போடக் கூடாது. அவருடைய உறவினர்களின் பெயரையும் போடக் கூடாது. ஏரிக் கணக்கையும் பொன் கணக்கையும் அவ்வளவு கண்டிப்பாகக் கேட்ட ஊர் அது. ஊரிலுள்ள பிள்ளைகளின் கணக்கையும் அதே கண்டிப்போடு கேட்டால் என்ன?

ஒரு பிள்ளையின் பெயர் இரண்டு புத்தகங்களில் ஏதாவது ஒன்றில் இருக்கும். ஒன்று பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு. மற்றொன்று மேஸ்திரியின் நோட்டு. காலை மணி அடித்து ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது, “உள்ளேன் ஐயா” என்று குரல் வரவில்லையென்றால், அந்தப் பெயர் எந்த நோட்டுக்குப் போயிற்று என்று அன்றைக்கே தேடிப் போக வேண்டும். அடுத்த தை வரை காத்திருந்தால், அவன் கையில் பென்சில் இருக்காது. பச்சைக் கல்தான் இருக்கும்.